நோயாளி கீழே விழாமல் காக்க: செவிலியர்களைப் பயிற்றுவிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வார்டில் கீழே விழும் நோயாளி பெரும்பாலும் ஏதோ ஒரு வேலையாக எழுந்தவர். சிறுநீர் முட்டுகிறது, தண்ணீர்க் குவளை எட்டவில்லை, மூக்குக் கண்ணாடியைக் காணோம், ஒரே பக்கமாகப் படுத்து இடுப்பு வலிக்கிறது. மணி அடித்தால் செவிலியர் வருவார் என்று அவருக்குத் தெரியும். இருந்தும், “நாலு எட்டுதானே, இதற்குப் போய் அவரை அலைய விடுவானேன்” என்று தானே காலைத் தரையில் வைக்கிறார். அந்த நாலு எட்டில் இடுப்பெலும்பு முறிகிறது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழக்கிறார்கள். தற்செயலான காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அமெரிக்க மருத்துவமனைகளில் மட்டும் ஆண்டுக்கு 7 லட்சம் முதல் 10 லட்சம் பேர் வரை விழுவதாக அந்நாட்டு அரசின் சுகாதார ஆய்வு முகமை மதிப்பிட்டிருக்கிறது. எலும்பு முறியாமல் தப்பியவரையும் அந்த விழுதல் லேசில் விடுவதில்லை. மறுபடி விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் அவர் நடையைக் குறைக்கிறார், நடை குறையக் குறையக் கால் தசை வற்றுகிறது, தசை வற்றியவர் இன்னொரு முறை விழுகிறார்.

செவிலியர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பில் உள்ள தலைமைச் செவிலியர்களுக்கும் கல்விப் பிரிவினருக்கும் இதை எழுதுகிறேன். இந்த நோயாளி எதற்காக எழப்போகிறார் என்பதை அவர் எழுவதற்கு முன்பே கண்டுகொள்ளும் பழக்கத்தைச் செவிலியரிடம் வளர்ப்பதுதான் இந்தப் பயிற்சியின் உயிர்நாடி என்பது என் உறுதியான கருத்து. மதிப்பெண் படிவமும், கையில் கட்டும் மஞ்சள் பட்டையும், கட்டில் தலைமாட்டில் மாட்டும் எச்சரிக்கை அட்டையும் அதற்குத் துணை நிற்கலாம். அந்தப் பழக்கத்தின் இடத்தை அவை பிடிக்க முடியாது.

படி 1: வகுப்புக்கு முன் வார்டைப் படியுங்கள்

ஸ்லைடு தயாரிக்க உட்காரும் முன், கடந்த ஓராண்டில் உங்கள் வார்டில் பதிவான விழுதல் அறிக்கைகளை எல்லாம் எடுத்து மேசையில் வையுங்கள். எந்த நேரம், எந்த இடம், என்ன செய்ய எழுந்தார், காலில் என்ன அணிந்திருந்தார், அதற்கு முந்தைய சில மணி நேரத்தில் என்ன மருந்து கொடுக்கப்பட்டது என்று ஒவ்வொன்றிலும் தேடுங்கள். “நோயாளி கட்டிலருகே தரையில் காணப்பட்டார்” என்ற ஒற்றை வரியோடு முடிந்துபோன அறிக்கைகள் நிறையக் கிடைக்கும். அவற்றையே வகுப்பில் முதல் பாடமாக வையுங்கள். பெயரையும் படுக்கை எண்ணையும் மறைத்துவிட்டு, “இதிலிருந்து அடுத்த விழுதலைத் தடுக்க நமக்கு என்ன தெரிய வருகிறது?” என்று கேளுங்கள். அறிக்கை எப்படி எழுதப்பட வேண்டும் என்று தனியாக ஒரு வகுப்பு எடுக்கத் தேவை இருக்காது.

அடுத்து, விழுதல் விகிதத்தைக் கணக்கிடுங்கள். ஒரு மாதத்தில் நடந்த விழுதல்களின் எண்ணிக்கையை, அந்த மாதத்தில் நோயாளிகள் படுத்திருந்த படுக்கை நாட்களின் மொத்தத்தால் வகுத்து 1,000-ஆல் பெருக்க வேண்டும். சராசரியாக 25 படுக்கைகள் நிரம்பியிருக்கும் வார்டில் 30 நாட்களுக்கு 750 படுக்கை நாட்கள். அங்கே 4 பேர் விழுந்திருந்தால் விகிதம் 1,000 படுக்கை நாட்களுக்கு 5.3. வெறும் எண்ணிக்கையைப் பார்த்தால் கூட்டம் குறைந்த மாதம் நல்ல மாதமாகத் தோன்றும், விகிதம் அப்படி ஏமாற்றாது. காயம் ஏற்பட்ட விழுதல்களுக்குத் தனி விகிதம் போடுங்கள்.

பிறகு ஓர் இரவு வார்டுக்குப் போங்கள். வழக்கமாக இரவில் எரியும் விளக்குகள் மட்டும் எரியட்டும். காலியான கட்டில் ஒன்றில் படுத்துப் பாருங்கள். அழைப்பு மணி கைக்கு எட்டுகிறதா? கட்டிலிலிருந்து கழிவறை வரை பிடிமானம் எங்கெங்கே அறுந்துபோகிறது? கழிவறை வாசலில் படி இருக்கிறதா? தரை துடைத்த ஈரம் காய எவ்வளவு நேரமாகிறது? இங்கே நீங்கள் குறித்துக்கொள்ளும் குறிப்புகள், எந்தப் பாடநூலிலும் கிடைக்காத பாடத்திட்டம்.

படி 2: மதிப்பெண்ணைத் தாண்டிக் கேட்கப் பழக்குங்கள்

பல மருத்துவமனைகளில் மோர்ஸ் அளவுகோல் பயன்படுகிறது. கனடாவில் பணியாற்றிய செவிலியர் ஆய்வாளர் ஜேனிஸ் மோர்ஸ் உருவாக்கியது அது. ஆறு கேள்விகள்: அண்மையில் விழுந்திருக்கிறாரா (25), ஒன்றுக்கு மேற்பட்ட நோய் உண்டா (15), நடக்க எதைப் பிடிக்கிறார் (ஊன்றுகோல், வாக்கர் என்றால் 15, மேசை நாற்காலிகளைப் பற்றிக்கொண்டு நடந்தால் 30), நரம்பில் சலைன் ஊசி இருக்கிறதா (20), நடை எப்படி (தளர்ந்திருந்தால் 10, தடுமாறினால் 20), தன் இயலாமையை மறந்துவிடுகிறாரா (15). மொத்தம் 125. வழக்கமாக 45-ஐத் தாண்டினால் அதிக ஆபத்து என்று குறிப்பார்கள்.

அளவுகோல் மீது எனக்குக் கோபம் இல்லை. அது வேலையை முடித்துவிட்ட நிம்மதியைத் தருவதுதான் கவலை. கேஸ் ஷீட்டில் 65 என்று எழுதிவிட்டால் நோயாளி பத்திரமாகிவிட்டார் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மருத்துவமனையில் இருப்பவர் விழுவாரா என்று கணிக்க இத்தகைய கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொன்னது. 65 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோரையும் ஆபத்தில் இருப்பவராகவே கருதி, ஒவ்வொருவருக்கும் எது காரணம், அதில் எதைச் சரிசெய்யலாம் என்று பார்க்கச் சொன்னது.

உங்கள் நிர்வாகம் அளவுகோலை வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் வையுங்கள். ஆனால் பயிற்சியில், மதிப்பெண் விழும் ஒவ்வொரு கேள்விக்கும் அடுத்து “அதனால் இன்று நான் என்ன செய்யப்போகிறேன்?” என்ற கேள்வியைச் சேர்க்கப் பழக்குங்கள். சலைன் ஊசிக்கு 20 என்று எழுதிய செவிலியர், இந்த சலைன் இரவிலும் ஓட வேண்டுமா, மருத்துவரிடம் கேட்டு நிறுத்திவைக்க முடியுமா, ஓடித்தான் ஆக வேண்டும் என்றால் ஸ்டாண்ட் கழிவறைப் பக்கமாக நிற்கிறதா, குழாயின் நீளம் போதுமா என்று தொடர வேண்டும். வகுப்பில் ஒரு கேள்விக்கு இப்படி மூன்று நான்கு செயல்களாவது அவர்கள் வாயிலிருந்தே வரட்டும்.

படி 3: கட்டிலோரத்தில் செய்து பார்க்க வேண்டியவை

இதுதான் பயிற்சியின் கனமான பகுதி. இதை வகுப்பறையில் நடத்தாதீர்கள். இரண்டு அல்லது மூன்று செவிலியர்களை அழைத்துக்கொண்டு, நோயாளியின் சம்மதத்தோடு, கட்டிலருகே நின்று கற்றுக்கொடுங்கள்.

படுத்தும் நின்றும் பார்க்கும் ரத்த அழுத்தத்திலிருந்து தொடங்குங்கள். நோயாளி குறைந்தது 5 நிமிடம் படுத்திருந்த பிறகு ஒரு அளவு. எழுந்து நின்ற முதல் நிமிடத்துக்குள் இரண்டாவது. நின்றபடியே 3-ஆம் நிமிடத்தில் மூன்றாவது. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், எழும்போது அழுத்தம் சரிகிறது என்று பொருள். அளவு குறையாவிட்டாலும் தலைசுற்றல், கண் இருட்டல் என்று சொன்னால் அதையும் பதிவு செய்ய வேண்டும். அவசரத்தில் உட்காரவைத்து அளந்துவிட்டு நின்ற அளவாக எழுதுவதும், 3-ஆம் நிமிடத்தைக் கைவிடுவதும் அடிக்கடி நடப்பவை. நிறுத்திப் பார்ப்பதற்கு முன்பே ஒருவர் பக்கத்தில் தயாராக நிற்க வேண்டும், நாற்காலி பின்னால் இருக்க வேண்டும். விழுவாரா என்று சோதிக்கும்போதே விழவிடக் கூடாது.

கால் வலுவை நான்கு கட்டமாகப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். கட்டில் ஓரத்தில் பிடிமானமின்றி உட்கார்ந்து, ஒரு கையை உடலின் குறுக்கே நீட்டிச் செவிலியரின் கையைத் தொட முடிகிறதா? உட்கார்ந்தபடியே முழங்காலை நீட்டிப் பாதத்தை மேலும் கீழும் அசைக்க முடிகிறதா? எழுந்து நிற்க முடிகிறதா? நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றித் தூக்கி வைக்க முடிகிறதா? எந்தக் கட்டத்தில் தடங்குகிறாரோ அதற்கு மேல் அவரைத் தனியாக விடக் கூடாது. ஷிப்ட் தொடங்கும்போது சில நிமிடங்களில் இதை முடித்துவிடலாம். காலையில் நன்றாக நடந்தவர் மாலையில் காய்ச்சலோடு படுத்திருக்கலாம், ஆகவே நேற்றைய முடிவை இன்றைக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

டெலீரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பத்தைத் தவறவிடுவதுதான், என் பார்வையில், வார்டுகளில் நடக்கும் பெரிய பிழை. கத்துபவரையும் சலைனைப் பிடுங்குபவரையும் எல்லோரும் கவனிக்கிறார்கள். சத்தமில்லாமல் சுருண்டு படுத்து, கேட்டதற்கு அரைகுறையாகப் பதில் சொல்பவரை “சமர்த்தாக இருக்கிறார்” என்று விட்டுவிடுகிறார்கள். அவருக்கும் டெலீரியம் இருக்கலாம். 4ஏடி என்ற சிறு சோதனையைப் பயிற்றுவியுங்கள்: விழிப்பு நிலை எப்படி இருக்கிறது, வயது, பிறந்த தேதி, இருக்கும் இடம், நடப்பு ஆண்டு ஆகியவற்றைச் சொல்கிறாரா, மாதங்களின் பெயரைப் பின்னோக்கிச் சொல்ல முடிகிறதா, குழப்பம் திடீரென்று வந்ததா அல்லது ஏறி இறங்குகிறதா. கடைசிக் கேள்விக்குப் பதில் உறவினரிடம்தான் கிடைக்கும். “அப்பா வழக்கமாக இப்படித்தான் பேசுவாரா?” என்று மகளிடம் கேட்பது ஒரு பரிசோதனை என்பதைச் செவிலியர்கள் உணர வேண்டும். டெலீரியம் என்று தெரிந்தால் மருத்துவரை அழைத்து, நோய்த்தொற்று, வலி, மலச்சிக்கல், சிறுநீர் தேக்கம், நீரிழப்பு, புதிய மருந்து என்று காரணம் தேட வேண்டும்.

மருந்துகளில் தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, மனநோய் மருந்து, மார்பின் வகை வலிநிவாரணி, ரத்த அழுத்த மாத்திரை, சிறுநீர் பெருக்கி, இன்சுலின் ஆகியவை எந்த நேரத்தில் உச்சத்தில் வேலை செய்யும் என்பதை நினைவில் வைக்கச் சொல்லுங்கள். சிறுநீர் பெருக்கியை மாலையில் கொடுத்தால் நோயாளி இரவில் எழுவார். நேரத்தை முன்தள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்பது செவிலியரின் உரிமை, கடமையும்கூட.

பார்வை, செவி, பாதம் ஆகியவற்றில் அதிகம் விளக்க ஏதுமில்லை. கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பின்பக்கம் மூடிய, அடிப்பகுதி வழுக்காத காலணி அணியட்டும்.

விழும் வாய்ப்பு ஒன்று, விழுந்தால் நேரும் சேதம் வேறொன்று. முதிர்ந்த வயது, எலும்புத் தேய்மானம், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மருந்து, அண்மையில் நடந்த அறுவைசிகிச்சை இவற்றில் ஏதேனும் இருந்தால் சின்ன விழுதலும் பெரிய காயமாகும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மருந்து எடுப்பவர் தலையில் லேசாக இடித்துக்கொண்டாலும் மூளையில் ரத்தக்கசிவு ஏற்படலாம். ஷிப்ட் மாறும்போது இந்த நோயாளிகளின் பெயரை முதலில் சொல்லும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள்.

படி 4: நோயாளியோடு சேர்ந்து திட்டமிடப் பழக்குங்கள்

“தனியாக எழாதீர்கள், மணி அடியுங்கள்” என்று ஒவ்வொரு செவிலியரும் சொல்கிறார். நோயாளியும் தலையாட்டுகிறார். அதில் யாருக்கும் எதுவும் புரியவில்லை. பாஸ்டன், நியூயார்க் நகர மருத்துவமனைகளின் 14 வார்டுகளில் நடந்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே கைகொடுக்கிறது. ஃபால் டிப்ஸ் என்ற அந்த முறையில், ஒவ்வொரு நோயாளிக்கும் அவருக்கே உரிய காரணங்களையும் அவற்றுக்கான தடுப்புகளையும் அவரோடும் குடும்பத்தாரோடும் பேசி, கட்டிலருகே படங்களோடு கூடிய தாளில் குறித்துவைத்தார்கள். விழுதல்கள் 15 சதவீதமும் காயம் ஏற்பட்ட விழுதல்கள் 34 சதவீதமும் குறைந்தன. அதற்கு மாறாக, ஆஸ்திரேலியாவில் 24 வார்டுகளில் நடந்து 2016-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், ஆபத்து மதிப்பீட்டுக் கருவியோடு, எச்சரிக்கைப் பலகை, தாழ்ந்த கட்டில், எச்சரிக்கை மணி உள்ளிட்ட ஆறு ஏற்பாடுகளில் தேவையானவற்றைச் செய்தும் விழுதல் குறையவில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, நோயாளியையே திட்டத்துக்குள் கொண்டுவருவதற்குத்தான் பயிற்சி நேரத்தில் பெரும்பங்கு தர வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பேசும் விதத்தை நடித்துக் காட்டிப் பழக்குங்கள். “நீங்கள் விழுந்துவிடுவீர்கள்” என்று தொடங்கினால் பெரியவர் முகம் சுருங்கிவிடும். இப்படித் தொடங்கலாம்:

“ஐயா, வீட்டில் இரவில் எத்தனை முறை எழுந்து போவீர்கள்?”

“ரெண்டு தடவை போவேன்ம்மா.”

“எந்நேரத்துக்கு?”

“ஒரு மணிக்கு ஒருமுறை, விடியற்காலை நாலு மணிக்கு ஒருமுறை.”

“அப்படியானால் பன்னிரண்டே முக்காலுக்கு நானே வந்து எழுப்பி அழைத்துப் போகிறேன். மூன்றே முக்காலுக்கும் வருவேன். நடுவில் அவசரமாக வந்தால் இந்த மணியை அழுத்துங்கள். இன்று மாலை முதல் உங்களுக்கு இரத்த அழுத்த மாத்திரை மாற்றியிருக்கிறோம். எழுந்தவுடன் தலை சுற்றலாம், அதனால்தான் சொல்கிறேன். இரவில் எழ வேண்டியிருந்தால் என்ன செய்வீர்கள், ஒருமுறை எனக்குச் சொல்லிக் காட்டுங்கள்?”

அந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். நோயாளி தன் வாயால் திருப்பிச் சொல்லும்போதுதான் அவருக்கு எது புரியவில்லை என்று தெரியும். இந்த உரையாடலில் எழும் காரணமும், எழும் நேரமும், அதற்கான ஏற்பாடும் வந்துவிட்டதைக் கவனியுங்கள். கழிவறைக்கு அழைத்துப்போகப் பிறரைக் கேட்பது பெரியவர்களுக்குக் கூச்சம். முந்திக்கொண்டு வருகிறேன் என்று செவிலியர் சொன்னால் கேட்கும் தேவையே எழாது. குழப்பத்தில் இருப்பவர் மனதில் இந்தப் பேச்சு நிற்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். அவருக்கு அருகில் ஆள் இருப்பதும், பார்வையில் படும் கட்டிலுக்கு மாற்றுவதும்தான் வழி.

படி 5: கைத்திறன்

எழுப்புவது, நடத்துவது, உட்காரவைப்பது ஆகியவற்றைச் செவிலியர்கள் ஒருவரை ஒருவர் நோயாளியாக வைத்துப் பயில வேண்டும். இயன்முறை மருத்துவர் ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள்.

எழுப்பும்போது முதலில் கட்டில் சக்கரங்களின் பிரேக்கைக் காலால் அழுத்திப் பார்க்க வேண்டும். படுத்திருக்கும்போது கட்டில் தாழ்ந்திருக்கலாம், எழும்போது உயர்த்த வேண்டும். பாதம் முழுதாகத் தரையில் பதிய, இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே இருக்கும் உயரம் சரி. மிகத் தாழ்ந்த கட்டிலிலிருந்து எழ, வலுவற்ற தொடையால் முடியாது. ஓரத்தில் உட்காரவைத்து ஓரிரு நிமிடம் பொறுத்து, பாதங்களைப் பின்னிழுத்து, உடலை முன்சாய்த்து எழச் சொல்ல வேண்டும். வாக்கரைப் பிடித்து இழுத்து எழக் கூடாது, கட்டிலில் கையூன்றி எழுந்த பிறகு வாக்கரைப் பிடிக்க வேண்டும். சக்கரமுள்ள சலைன் ஸ்டாண்ட் ஊன்றுகோல் ஆகாது, அது ஓடிவிடும். பக்கவாதம் வந்தவருக்குச் செவிலியர் வலுக்குறைந்த பக்கத்தில் நிற்க வேண்டும், நாற்காலியை வலுவுள்ள பக்கத்தில் போட வேண்டும்.

கழிவறையில் ஒரே விதி: ஆபத்தில் இருப்பவர் உள்ளே இருக்கும்வரை கை எட்டும் தூரத்தை விட்டு விலகக் கூடாது. மானம் காக்கக் கதவை ஒருக்களித்து முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், போய்விடக் கூடாது. “முடிந்ததும் கூப்பிடுங்கள்” என்று சொல்லிவிட்டு நகர்ந்த இரண்டு நிமிடத்தில் நடந்த விழுதல்கள் உங்கள் அறிக்கைக் கட்டுக்குள்ளேயே இருக்கும்.

நடக்கும்போது சரிந்தால் தூக்கிப் பிடித்து நிறுத்த முயலக் கூடாது. இருவருக்கும் காயம் நேரும். கால்களை அகட்டி நின்று, அவர் உடலைத் தன்னோடு சேர்த்தணைத்து, தன் தொடை வழியாகச் சறுக்கவிட்டு, முழங்காலை மடக்கியபடி தலையைக் காத்துத் தரையில் இறக்க வேண்டும். மெத்தை விரித்து இதை ஒவ்வொருவரும் செய்து பார்க்காமல் பயிற்சி முடியக் கூடாது.

படி 6: பிழைகள் நிறைந்த அறை

காலியான அறையொன்றில் வேண்டுமென்றே பிழைகளை வைத்து, செவிலியர்களை இருவர் இருவராக உள்ளே அனுப்புங்கள். ஐந்து நிமிட அவகாசம். அழைப்பு மணி தலையணைக்குப் பின்னால் விழுந்திருக்கிறது. கண்ணாடி மூடிய டிராயருக்குள். சலைன் குழாய் கட்டில் தடுப்பைச் சுற்றியிருக்கிறது. கட்டில் பிரேக் போடப்படவில்லை. கம்மோடு நாற்காலி வலுக்குறைந்த பக்கத்தில். கேஸ் ஷீட்டைப் புரட்டினால், மாலை 6 மணிக்குச் சிறுநீர் பெருக்கி, 10 மணிக்குத் தூக்க மாத்திரை.

அறையில் உள்ள பொருட்களின் பிழைகளை எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். மருந்துத் தாளிலுள்ள பிழையை எத்தனை பேர் கண்டார்கள் என்று பாருங்கள். வெளியே வந்ததும், “இவர் எத்தனை மணிக்கு, எதற்காக எழுவார்?” என்று கேளுங்கள். இரவு 11-க்கும் 2-க்கும் இடையே, மாத்திரை மயக்கத்தில், கண்ணாடியில்லாமல், குழாயை இழுத்துக்கொண்டு எழுவார் என்று அவர்கள் கதையாகச் சொல்ல வேண்டும். அந்தக் கதை சொல்லத் தெரிந்த செவிலியரைத் தைரியமாக இரவு டியூட்டிக்கு அனுப்பலாம்.

படி 7: சுற்றிவருதலும் ஒப்படைப்பும்

பகலில் மணிக்கு ஒருமுறை, இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வார்டைச் சுற்றிவருவது பல இடங்களில் வழக்கம். வெறுமனே எட்டிப் பார்ப்பதால் பயனில்லை. வலி இருக்கிறதா, கழிவறை போக வேண்டுமா, படுத்திருக்கும் நிலை சௌகரியமா, வேண்டிய பொருட்கள் எட்டுகின்றனவா என்று நான்கையும் கேட்டே நகர வேண்டும். கையெழுத்துத் தாளை ஷிப்ட் முடிவில் மொத்தமாக நிரப்பும் பழக்கம் வந்துவிட்டால், தாளை எடுத்துவிட்டு, கேள்விகள் கேட்கப்பட்டனவா என்று நோயாளிகளிடமே விசாரியுங்கள். ஆள் போதாத வார்டில் எல்லோரையும் ஒரே இடைவெளியில் சுற்றுவதைவிட, எழும் நேரம் தெரிந்தவர்களிடம் அந்த நேரத்துக்குப் போவது மேல்.

ஷிப்ட் ஒப்படைப்பில் “12-ஆம் படுக்கை, விழும் ஆபத்து அதிகம்” என்பது தகவலே இல்லை. “12-ஆம் படுக்கை, நேற்று கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) எடுத்தோம், அடிக்கடி போகிறார், நின்றால் அழுத்தம் 24 குறைகிறது, ஒருவர் துணை வேண்டும், மணி அடிக்க மறந்துவிடுகிறார்” என்பதுதான் தகவல். வகுப்பில் முதல் வாக்கியத்தைக் கொடுத்து இரண்டாவதாக மாற்றச் சொல்லுங்கள்.

கற்றுக்கொடுக்கவே கூடாதவை

கட்டிவைப்பது விழுதலைத் தடுக்கும் வழி ஆகாது. கட்டப்பட்டவர் திமிறுவார், குழப்பம் கூடும், தசை வற்றும், படுக்கைப்புண் வரும். கட்டிலின் இருபக்கத் தடுப்புகளையும் எல்லோருக்கும் தூக்கிவிடுவதும் ஆபத்தே. குழப்பத்தில் இருப்பவர் தடுப்பின் மீது ஏறிக் குதிப்பார், விழும் உயரம் கூடும். இடுக்கில் தலையோ கழுத்தோ சிக்கிக்கொள்ளும் அபாயமும் உண்டு. யாருக்குத் தடுப்பு, யாருக்கு வேண்டாம் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக முடிவெடுக்க வேண்டும்.

எழுந்தால் ஒலிக்கும் படுக்கை மணியை நம்பிப் பணம் செலவழிக்கும் மருத்துவமனைகள் உண்டு. அமெரிக்காவில் 16 வார்டுகளில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், மணியின் பயன்பாடு கூடியபோதும் விழுதல் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. மணி ஒலிக்கும்போது நோயாளி ஏற்கெனவே எழுந்துவிட்டார் என்பதே அதன் எல்லை.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, விழுதலுக்குப் பயந்து நோயாளியை எழவே விடாமல் வைப்பது. அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டம் 2008 முதல், மருத்துவமனையில் விழுந்ததால் ஏற்பட்ட காயங்களின் கூடுதல் செலவை ஏற்பதில்லை. இதுபோன்ற விதிகளின் அழுத்தத்தில் செவிலியர்கள் நோயாளிகளைப் படுக்கையோடு முடக்கிவிடுகிறார்கள் என்று அந்நாட்டு முதியோர் நல மருத்துவர்களே எச்சரித்திருக்கிறார்கள். ஆகவே பயிற்சியில், “இன்று இவரை எத்தனை முறை, யார் துணையோடு நடக்கவைக்கப் போகிறோம்?” என்பதும் திட்டத்தின் ஒரு வரியாக இருக்க வேண்டும்.

படி 8: விழுந்த பிறகு

தரையில் கிடப்பவரைப் பார்த்ததும் கை தானாக நீளும், உடனே தூக்கக் கூடாது. முதலில் சுவாசம், நாடித்துடிப்பு, நினைவு. அடுத்து கழுத்து வலி, தலைக் காயம், கை கால் மரத்துப்போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பெலும்பு முறிவைச் சந்தேகிக்க வேண்டும். கழுத்திலோ இடுப்பிலோ சந்தேகம் இருந்தால் மட்டமாகத் தூக்கும் கருவியோ பலகையோ வரும்வரை அசைக்கக் கூடாது, போர்வை தந்து பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க வேண்டும். ரத்த அழுத்தம், ஆக்ஸிஜன், சர்க்கரை ஆகியவற்றைத் தரையிலேயே பார்க்கலாம்.

தலையில் அடிபட்டிருந்தாலோ, விழுந்ததை யாரும் பார்க்காமலிருந்தாலோ நரம்பியல் கண்காணிப்பு தேவை. தலைக் காயத்துக்கான நைஸ் வழிகாட்டுதல், முழு நினைவோடு இருப்பவரை முதல் 2 மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறையும், அடுத்த 4 மணி நேரம் மணிக்கு ஒருமுறையும், அதன் பின் 2 மணி நேரத்துக்கு ஒருமுறையும் பார்க்கச் சொல்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் என்பதை மருத்துவரை அழைக்கும்போது முதல் வாக்கியத்திலேயே சொல்லப் பழக்குங்கள்.

அதே ஷிப்டுக்குள், அந்தக் கட்டிலருகே, பணியில் இருந்தவர்கள் பத்து நிமிடம் கூடிப் பேச வேண்டும். நோயாளியிடமும் கேட்க வேண்டும்: “எதற்காக எழுந்தீர்கள்?” அவர் பதிலை அவர் சொன்ன சொற்களிலேயே எழுத வேண்டும். இந்தக் கூட்டத்தில் யார் மீதும் பழி விழக் கூடாது. பழி விழும் வார்டில் அடுத்த விழுதல் பதிவேட்டுக்கே வராது.

படி 9: யாரை, எப்போது, எப்படி மதிப்பிடுவது

வார்டு உதவியாளர், துப்புரவுப் பணியாளர், நோயாளியைத் தள்ளிச்செல்பவர் ஆகியோரையும் சேருங்கள். ஈரத் தரையையும், திறந்துகிடக்கும் தடுப்பையும், ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டிருப்பவரையும் முதலில் பார்ப்பவர்கள் அவர்கள்தான். மகப்பேறு வார்டுக்குத் தனிப் பாடம் தேவை: பிரசவத்துக்குப் பின் முதன்முறை எழும்போதும், முதுகில் மரப்பு ஊசி போட்ட பின்னும் தாய்க்குத் துணை வேண்டும். பாலூட்டியபடியே தாய் அசந்துபோனால் குழந்தை விழக்கூடும், இரவில் அந்த அறைகளைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

வருகைப் பதிவையும் தேர்வு மதிப்பெண்ணையும் வைத்துப் பயிற்சி முடிந்ததாக எண்ணாதீர்கள். வகுப்புக்குப் பிறகு, கட்டிலோரத்தில் ஒவ்வொரு செவிலியரும் நின்ற ரத்த அழுத்தம் எடுப்பதையும், நோயாளியோடு பேசுவதையும், கழிவறையில் கூட இருப்பதையும் நேரில் பாருங்கள். மூன்று மாதத்தில் மீண்டும் பாருங்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், வேறு வார்டிலிருந்து ஒரு நாள் டியூட்டிக்கு வந்தவர்களுக்கும் அந்த வார்டின் ஆபத்தான இடங்களை ஷிப்ட் தொடங்கும் முன்பே காட்டிவிடுங்கள்.

பயிற்சி முடிந்த முதல் சில மாதங்களில் பதிவாகும் விழுதல்கள் கூடலாம். முன்பு மறைக்கப்பட்டவை இப்போது வெளியே வருகின்றன, அதைப் பயிற்சியின் தோல்வியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். காயம் ஏற்பட்ட விழுதல்களின் விகிதத்தைப் பாருங்கள். அதோடு, உதவியோடோ தனியாகவோ அன்றைக்கு நடந்த நோயாளிகளின் எண்ணிக்கையையும் வார்டுப் பலகையில் தினமும் எழுதச் சொல்லுங்கள். விழுதல் குறைந்து அந்த எண்ணும் குறைந்திருந்தால், மூன்றாம் படியிலிருந்து பயிற்சியை மறுபடி தொடங்குங்கள்.